ஊரோடு ஒத்த கட்டடங்கள்



ஒரு குடும்பம் தனக்கென்று கட்டிக்கொள்ளும் வீட்டில் குறை இருந்தால் அதன் அசௌகரியம் அக்குடும்பத்தோடு நின்றுவிடும். ஆனால் ஊரார் பணத்தில், ஊரார் கூடுவதற்கென்றே எழுப்பப்படும் கோயிலோ, பள்ளிவாசலோ, மாதா கோயிலோ, நூல்நிலையமோ, பஞ்சாயத்து மண்டபமோ இடத்தோடு பொருந்தாமல் போய்விட்டால், அந்தப் பிழையைப் பல தலைமுறைகள் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே, பொதுக் கட்டடம் ஒன்று தன் சுற்றுப்புறத்துக்கு இசைந்திருப்பது என்றால் என்ன என்பதை, நம் கண்ணெதிரே நிற்கும் சில கட்டடங்களையே சாட்சியாக வைத்துக்கொண்டு இன்று சிறிது ஆராயலாம்.

முதலில் இராமநாதபுரம் கடற்கரைக்குச் செல்வோம். கீழக்கரையில், வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஜும்மா பள்ளி இருக்கிறது; பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பள்ளிவாசல் என்றவுடன் பெரிய குவிமாடத்தையும் வளைவுகளையும் மனத்தில் எண்ணிக்கொண்டு உள்ளே நுழைகிறவர் அங்கே காண்பது, வரிசை வரிசையாக நிற்கும் கல் தூண்களையும், அவற்றின் தலையில் அமர்ந்த போதிகைகளையும், அவற்றுக்குமேல் உத்தரங்களையும் தட்டையான கற்கூரையையும்தான். பாண்டி நாட்டுக் கோயில் மண்டபங்களை உருவாக்கிய அதே சிற்ப மரபு இங்கே தொழுகைக் கூடத்தை உருவாக்கியிருக்கிறது. ஆனால் தூண்களில் தெய்வ உருவமோ, மனித உருவமோ, யாளியோ கிடையாது. அவை இருந்திருக்க வேண்டிய இடங்களைப் பூக்களும் கொடிகளும் கோலக் கட்டங்களும் நிரப்புகின்றன. மார்க்கத்தின் விதி ஒன்றுகூட வழுவவில்லை; தச்சு மரபின் இலக்கணமும் வழுவவில்லை.

இந்த இணக்கத்துக்குச் சமரச உணர்ச்சி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கல் உத்தரத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவே தூணுக்குத் தூண் இடைவெளி என்ற நியதிப்படி எழும்பும் மண்டபம், வரிசை வரிசையாக நின்று தொழுகிறவர்களுக்கு இயல்பாகவே ஏற்றதாக அமைகிறது. கனத்த கல், நடுப்பகலின் உஷ்ணத்தை உடனே உள்ளே விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தூணில் விரிசல் கண்டால் அதைச் சீர்செய்யத் தெரிந்த கல் தச்சர்கள் அந்த வட்டாரத்திலேயே இருந்தார்கள். எந்தத் தொழிலாளியின் கைக்கு எந்த வேலை படிந்திருக்கிறது என்பதும் சுற்றுப்புறத்தின் ஒரு பகுதிதான் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இனி, கடல் கடந்து கண்டிக்குப் போகலாம். அங்குள்ள திரித்துவக் கல்லூரியின் தேவாலயத் திருப்பணி 1923-ஆம் ஆண்டு தொடங்கி, 1935-இல் பிரதிஷ்டை நடந்தது. ஆங்கிலேயப் பாதிரியார்கள் நடத்திய கல்லூரிக்கு, ஊசிக் கோபுரமும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் உள்ள ஆங்கிலேயக் கோயில் ஒன்று அமைந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதை வகுத்த காஸ்டர் பாதிரியார், கண்டி அரசர்கள் கொலு வீற்றிருந்த மண்டபத்தின் செதுக்கு வேலை மிகுந்த மரத்தூண்களைக் கண்டு, அந்த அமைப்பையே கல்லில் வடிக்கச் செய்தார். பக்கங்களில் அடைத்த சுவர் இல்லாமையால் மலைக்காற்று தடையின்றி உள்ளே வந்து செல்கிறது. நெடிது சரிந்த கூரை, மலைநாட்டு மழையைத் தள்ளி விடுகிறது. சுவரோவியங்களைத் தீட்டிய டேவிட் பெயின்ட்டர், கிறிஸ்துவைத் தாடியில்லாத இளைஞராக வரைந்தார். அதனால் அந்த ஆலயத்தின் பக்தி குறைந்துவிட்டதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

இந்த இரண்டு உதாரணங்களைக் கேட்டவுடன் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம்: அப்படியானால், பழைய உருவங்களை எடுத்துப் புதுக் கட்டடத்தின் முகப்பில் பொருத்திவிட்டால் போதுமா? சென்னைக் கடற்கரையில் சிஸ்ஹோம் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1874-க்கும் 1879-க்கும் இடையில் எழும்பிய சர்வகலாசாலை செனட் மாளிகை, குவிமாடக் கோபுரங்களோடும் வர்ண வேலைப்பாடுகளோடும் இன்றும் நம் கண்ணைக் கவருகிறது. இந்திய உருவங்களையும் அராபியச் சாயலையும் ஐரோப்பியத் திட்டத்தோடு கலந்த அந்தப் பாணியின் கம்பீரத்தை மறுப்பதற்கில்லை. எனினும், அதைப் பின்பற்றி எழுந்த எத்தனையோ கட்டடங்களில் கலசமும் குவிமாடமும் வந்தனவேயன்றி, நிழலும் காற்றும் வந்தன என்று சொல்ல முடியவில்லை. உருவத்தை இரவல் வாங்குவது எளிது. அந்த உருவம் எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்று உணர்வதுதான் கடினம்.

இதற்கு நேர் எதிரான சாட்சி ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தாசிரமத்துச் சாதகர்கள் தங்குவதற்காக எழுப்பப்பட்ட கோல்கொண்டா என்ற விடுதியை வகுத்தவர், செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் நடத்திய அந்தோனின் ரேமண்ட். ஜார்ஜ் நாகஷிமா போன்ற அவருடைய துணைவர்கள் உடனிருந்து மேற்பார்வையிட, ஆசிரமவாசிகளும் வேலையில் கைகொடுக்க, 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி 1940-களில் நிறைவேறியது. அதில் கோபுரமில்லை, போதிகையில்லை, சிற்பமில்லை. இரும்புக் கம்பியும் சிமெண்டும் சேர்ந்த கான்கிரீட்தான் அதன் உடல். ஆயினும் நீண்ட பக்கங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் நோக்கியிருப்பதால், காலை வெயிலும் மாலை வெயிலும் அறைகளுக்குள் நேராக நுழைவதில்லை. சுவருக்குப் பதிலாக, வேண்டியபோது திருப்பிக்கொள்ளும் பலகைகள் நிரை நிரையாகப் பொருத்தப்பட்டிருப்பதால், மழைக்கு மூடவும் கடற்காற்றுக்குத் திறக்கவும் முடிகிறது. மேல்தளத்தின்மீது வளைந்த ஓடுகளை இடைவெளி விட்டுப் பரப்பியிருப்பதால், சூரிய வெப்பம் அந்த இடைவெளியிலேயே தணிந்துவிடுகிறது. பழமையின் அடையாளம் எதுவும் இல்லாத அக்கட்டடம், நம் கிழக்குக் கரையின் சீதோஷ்ணத்துக்கு எவ்வளவு பணிவோடு உடன்பட்டிருக்கிறது!

ஆகவே, கீழக்கரையும் கண்டியும் புதுச்சேரியும் நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றே. வெயிலின் போக்கு, காற்றின் திசை, மழையின் வேகம், மண்ணின் தன்மை, தொழிலாளியின் கைப்பழக்கம், மக்கள் கூடி அமரும் வழக்கம் ஆகிய இந்த ஆறுக்கும் இசைந்த கட்டடம், எந்த மதத்தினுடையதாயினும், எந்தக் காலத்தினுடையதாயினும், தன் ஊருக்கு உரியதாகிவிடுகிறது. இவற்றைப் புறக்கணித்த கட்டடமோ, உச்சியில் எத்தனை கலசங்களைத் தாங்கினாலும், அந்நியமாகவே நிற்கிறது.

இன்று நம் ஊர்களில் எழும் சமுதாயக் கூடங்களைப் பாருங்கள். மேற்கு வெயிலுக்கு நேராகக் கண்ணாடி முகப்பு. உள்ளே ஒருவர் பேசினால் நான்கு சுவரிலும் மோதித் திரும்பும் எதிரொலி. வந்தவர்கள் செருப்பைக் கழற்றி வைக்க இடமில்லை. கைக்குழந்தையோடு வந்த தாய் ஒதுங்கி அமர ஒரு திண்ணை இல்லை. மின்சாரம் நின்றால் ஒரு நாழிகைகூட உள்ளே இருக்க இயலாது. பழைய மண்டபம்போல் கல்லிலேயே கட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரம் பேர் தூண் மறைக்காமல் அமர்ந்து நாடகம் பார்க்க வேண்டுமானால் இரும்பும் கான்கிரீட்டும் வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூடத்தைச் சுற்றி அகலமான தாழ்வாரம் ஓடுவதற்கும், தென்திசைக் காற்றுக்கு வழி விடுவதற்கும், அங்கே முன்பே நின்ற வேப்பமரத்தை வெட்டாமல் திட்டத்தைச் சற்று நகர்த்துவதற்கும் பெரும் செலவு ஒன்றும் ஆகிவிடாது, யோசனைதான் செலவாகும்.

திருப்பணிக் குழுவிலும், ஜமாஅத்திலும், திருச்சபையிலும், ஊராட்சி மன்றத்திலும் பொறுப்பு வகிக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வரைபடத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னால், அதை வரைந்த பொறியாளரையும் உள்ளூர்க் கொத்தனார் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில் ஒருமுறையும், ஐப்பசி அடைமழையில் ஒருமுறையும், கட்டப் போகும் இடத்தில் போய் நில்லுங்கள். அதன் பிறகும் அந்த வரைபடம் மாறாமல் இருக்குமானால், தயங்காமல் கையெழுத்திடுங்கள்.