கல்விப் பொருளுதவியும் போரினின்று மீண்ட வீரரும்

(நம் சங்கத்தின் கல்வி நிதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலாசாலையிற் பயிலும் மாணவர்க்கும், படைத்தொழிலினின்று நீங்கி வந்த வீரர்க்கும் உரிய பொருளுதவியைப் பற்றிச் சில கூறுமாறு நிதிக் கமிட்டியார் எமக்குக் கட்டளையிட்டனர். நம் கல்வி நிதி இனி எவ்வாறு வழங்கப்படல் வேண்டுமென்னும் தீர்மானம் இன்று மாலை உங்கள் முன் வரவிருக்கின்றது. அதற்கு முன், இத்துறையில் மிகப் பெருந்தொகை செலவிட்ட ஒரு தேசத்தார் எங்கே வென்றனர், எங்கே தவறினர் என்பதை நாம் அறிந்திருத்தல் நலம். அத்தேசம் அமெரிக்க ஐக்கிய நாடாகும்.

தெய்வம் வரங் கொடுத்தாலும் பூசாரி இடங் கொடான் என்பது நம்மவர் பழமொழி. யாம் இன்று கூறப்போவது முழுவதும் அப்பழமொழிக்கு ஒரு வியாக்கியானமே என்று கொள்ளுங்கள்.

முதல் உலக யுத்தத்திற் சேவை செய்த அமெரிக்க வீரர்க்கு 1924-ம் வருஷத்துச் சட்டம் ஒரு வெகுமதி விதித்தது. உள்நாட்டிற் செய்த சேவைக்கு நாளொன்றுக்கு 1 டாலரும், கடல் கடந்து செய்த சேவைக்கு நாளொன்றுக்கு 1.25 டாலரும் என்பது கணக்கு. ஆனால் பெரும்பாலார்க்குக் கையிற் கிடைத்தது பணமன்று. 1945-ல் பணம் தருவோம் என்றெழுதிய பத்திரமே. 1929-க்குப் பின் வேலையும் வியாபாரமும் படுத்துவிட்டன. இன்று பசித்திருப்பவனுக்குப் பதின்மூன்று வருஷங் கழித்து இலை போடுகிறோம் என்றால் அவன் என் செய்வான்? 1932-ம் வருஷக் கோடையிற் பல்லாயிரம் வீரர் தலைநகராகிய வாஷிங்டனுக்குத் திரண்டு வந்து, சிலர் மனைவி மக்களோடும் ஆற்றங்கரையிற் குடிசையிட்டுத் தங்கி, தம் பணத்தை அப்பொழுதே தருமாறு கேட்டனர். ஜூலை 28-ந் தேதி சர்க்கார் தன் சேனையையே அவர்கள் மேல் ஏவிற்று. தேசத்துக்காகத் துப்பாக்கி பிடித்தவர் தம் தேசத்துத் துப்பாக்கிக்கு முன் ஓடினர், குடிசைகள் எரிந்தன. 1936-ல் தான் அப்பணத்தைக் கொடுக்கச் சட்டசபை இசைந்தது.

இவ்வவமானத்தை அத்தேசத்தார் மறக்கவில்லை. இரண்டாம் யுத்தத்தில் ஏறக்குறைய 1 கோடியே 60 இலட்சம் பேர் படையிற் சேவை செய்தனர். இவர்கள் ஒரே காலத்தில் வேலையின்றித் தெருவில் நின்றால் என்னாகும் என்று எண்ணி, யுத்தம் முடியுமுன்னரே சட்டம் இயற்றினர். 1944-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி பிரசிடெண்டு ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட அச்சட்டத்தை ஜி.ஐ. சட்டமென்று உலகம் அழைக்கின்றது. அதன்படி, தொண்ணூறு நாளாவது சேவை செய்து நற்பெயருடன் விலகியவன், தான் விரும்பிய கலாசாலையிற் சேரலாம். வருஷத்துக்கு 500 டாலர் வரை சம்பளமும் புத்தகச் செலவும் சர்க்காரைச் சேர்ந்தது. ஜீவனத்துக்குத் தனியாளுக்கு மாதம் 50 டாலர், குடும்பஸ்தனுக்கு 75 டாலர். இத்தொகைகள் பின்னர் உயர்த்தவும் பட்டன.

இதனைப் பெரிய பண்டிதர்களே எதிர்த்தனர் என்பது உங்களுக்கு வியப்பாயிருக்கும். ஹார்வர்டு சர்வகலாசாலைத் தலைவர் கோனன்டும், சிகாகோ சர்வகலாசாலைத் தலைவர் ஹட்சின்ஸும், தகுதியில்லாதார் உள்ளே புகுந்து கல்வியின் தரத்தைக் கெடுத்துவிடுவர் என்று அஞ்சினர். நடந்ததோ வேறு. 1947-ல் அந்நாட்டுக் கலாசாலை மாணவரிற் செம்பாதி அளவினர் போரினின்று மீண்டவரே. 1956-ல் அத்திட்டம் முடிவெய்துமுன் 78 இலட்சம் வீரர் ஏதேனுமொரு கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவருள் 22 இலட்சம் பேர் கலாசாலை புகுந்தவர். பயந்த பண்டிதருள் கோனன்டு பின்னர் இவ்வீரர்களை மெச்சிப் பேசலானார். வறியவன் பிள்ளைக்குத் தகுதியில்லை என்பார் எந்நாட்டிலும் உளர். இடங் கொடுத்துப் பார்த்த பின்னரே தகுதி தெரியும்.

இனிப் பூசாரியின் கதைக்கு வருவோம். அச்சட்டத்தில் வெள்ளையர், கறுப்பர் என்ற சொல்லே இல்லை. எழுத்தளவில் யாவர்க்கும் சமம். ஆயின் பணம் வழங்கும் அதிகாரம் உள்ளூர் ஆபீஸர்களிடமும், உள்ளூர்ப் பாங்கிகளிடமும், உள்ளூர்க் கலாசாலைகளிடமும் விடப்பட்டது. மிசிசிப்பி நாட்டுப் பிரதிநிதி ராங்கின் முதலியோர் அவ்வாறு விடப்படுவதையே விரும்பினர். அதன் பலன் அவர் நினைத்தபடியே ஆயிற்று. தென்னாட்டுக் கலாசாலைகள் கறுப்பரைச் சேர்க்கவில்லை. கறுப்பர்க்கென்றிருந்த கலாசாலைகளோ சிறியன, வந்தவர்க்கெல்லாம் இடமளிக்க இயலாமற் பலரைத் திருப்பி அனுப்பின. அதே சட்டத்தில் வீடு, வியாபாரம், விவசாயங்களுக்குச் சர்க்கார் ஜாமீனுடன் பாங்கி கடன் தரும் விதியும் உண்டு. 1947-ல் மிசிசிப்பி நகரங்கள் சிலவற்றில் எடுத்த கணக்கில், அவ்வாறு வழங்கிய 3,229 கடன்களுள் கறுப்பு வீரர்க்குக் கிடைத்தவை 2. அன்பர்களே, இவ்வெண்ணை மறவாதிருங்கள். ஒரே போரிற் சண்டையிட்டவர், ஒரே சட்டத்தின் கீழ் உரிமை பெற்றவர். ஆனால் ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவன் முகம் பார்த்துக் கொடுத்தான்.

பூசாரியைத் தவிர வேறொரு கூட்டமும் புறப்பட்டது. பணம் பள்ளிக்கூடத்துக்கு நேரே செல்வதை அறிந்த சிலர், பெயரளவிற் பள்ளி வைத்து, வீரரைச் சேர்த்துக்கொண்டு, கற்பியாமலே சர்க்கார் பணத்தை வாங்கினர். ஆதலின் கொரிய யுத்த வீரர்க்கென 1952-ல் இயற்றிய சட்டத்திற் பணத்தை மாணவன் கையிலேயே கொடுத்தனர்; ஒரு பாடப் பகுதியிற் சர்க்கார் உதவி பெறும் வீரர் நூற்றுக்கு 85-க்கு மேற்படலாகாது என்றும் விதித்தனர். சொந்தப் பணங் கொடுத்துப் படிப்பவர் நூற்றுக்குப் பதினைவராவது விரும்பி வராத பள்ளி, பள்ளியன்று என்பது கருத்து.

போருக்குச் செல்லாத ஏழை மாணவர்க்கு வழி திறந்தது பிற்காலத்தில். 1965-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி பிரசிடெண்டு ஜான்ஸன் உயர்தரக் கல்விச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அவர் அதற்குத் தேர்ந்த இடம் டெக்ஸாஸில் தாம் படித்த சிறிய கலாசாலை. படிக்குங்காலத்திற் பணமின்றி அங்கே சிற்றேவல் வேலையும் செய்தவர் அவர். இன்று அந்நாட்டில் மாணவனுக்குக் கிடைக்கும் சர்க்கார் உதவி மூவகைப்படும். திருப்பித் தர வேண்டாத கொடை ஒன்று. 1972-ல் ஏற்பட்டு, செனட்டர் பெல் என்பவர் பெயரை 1980-ல் பெற்ற பெல் கொடையே இதில் முதன்மையானது. 2025-26 கல்வியாண்டில் இதன் உச்ச அளவு 7,395 டாலர். படித்துக்கொண்டே வேலை செய்து பெறும் ஊதியம் இரண்டாவது. கடன் மூன்றாவது. இம்மூன்றையும் இவ்வரிசையிலேயே நாடுக என்பது அங்குள்ள அறிவுடையோர் புத்திமதி. வரிசை மாறிக் கடனை முதலிற் பற்றினவர் பலர். 4 கோடிக்கு மேற்பட்டவர் தலையில் ஏறத்தாழ 1.6 இலட்சங் கோடி டாலர் சர்க்கார்க் கல்விக் கடன் ஏறியிருக்கின்றது.

படைவீரர்க்கு 2008-ல் புதுச் சட்டம் வந்து 2009 ஆகஸ்டு முதல் நடைபெறுகின்றது. முழுவுரிமை பெற்றவனுக்கு 36 மாதம் வரை, அவன் வாழும் மாகாணத்துச் சர்க்கார்க் கலாசாலைச் சம்பளம் முழுவதும், வீட்டு வாடகைப் படியும், வருஷத்துக்கு 1,000 டாலர் வரை புத்தகச் செலவும் கிடைக்கும். சேவையில் இருக்கும்போதே உரிய காலத்துக்கு உடன்பட்டால், இவ்வுரிமையை மனைவிக்கோ மக்களுக்கோ மாற்றியும் கொடுக்கலாம். இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. வீரனுக்குரிய இவ்வுதவியைப் பெறுபவன் பெல் கொடையையும் உடன் பெறத் தடையில்லை. முன்னாள் வீரன் விண்ணப்பிக்கையில் தன் பெற்றோர் வருமானத்தைக் காட்டவும் வேண்டுவதில்லை. இதனை அறியாதான் ஒரு கையால் மாத்திரம் வாங்குவான். அறிந்தான் இரு கையாலும் வாங்குவான். இரண்டும் சட்டம் தந்தவையே; ஒன்றும் பிச்சையன்று.

ஆயினும் பூசாரிக்கு இன்று ஒரு புதுப்பெயர் உண்டு. அதுதான் விண்ணப்பப் படிவம். பாஃப்சா என வழங்கும் அந்நாட்டுப் படிவத்தை எளிதாக்குகிறோமென்று மாற்றி அமைத்து, அக்டோபரில் வரவேண்டியதை 2023 டிசம்பர் முடிவில் வெளியிட்டனர். அதிலும் பிழைகள் மலிந்தன. எத்தனையோ குடும்பத்தார், பிள்ளைக்கு என்ன கிடைக்குமென்றறியாமலே கலாசாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. இலாபத்துக்கு நடத்தும் கலாசாலைகள் சில, வீரரின் பணம் சர்க்கார்ப் பணக் கணக்கிற் சேராதென்னும் சட்டத்தின் ஓட்டையைக் கண்டு, வீரரையே வலை வீசிப் பிடித்தன. அவ்வோட்டையை அடைக்க 2021 வரை சென்றது.

இவ்வளவும் அயலார் குற்றம். இனி நம் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் நம் நிதிக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. சிப்பாயாயிருந்து விலகி, ஒரு மில்லில் இரவுக் காவல் பார்த்துவந்த தந்தையின் மகன். பொறியியற் கலாசாலையில் இடம் பெற்றவன். மதிப்பெண் இருந்தது, வறுமையும் இருந்தது, இல்லாதது நம் விதிப்படி வேண்டிய வட்டாரப் பிரமுகர் இருவர் கையொப்பமே. தந்தை முப்பது வருஷம் வடநாட்டில் இருந்தவர். ஊர்ப் பிரமுகர் அவரை அறியார். கமிட்டி அவ்விண்ணப்பத்தைத் தள்ளியது. அக்கமிட்டியில் யாமும் உட்கார்ந்திருந்தோம், வாய் திறக்கவில்லை. அவ்வருஷ அறிக்கையிற் செலவு போக நிதி மிச்சமென்று பெருமையாக அச்சிட்டோம். அத்தந்தை மீட்டர் வட்டிக்கு வாங்கி முதல் வருஷச் சம்பளம் கட்டினாரென்று பின்னர்க் கேள்வியுற்றோம்.

அதனினும் பெரிய வெட்கம் ஒன்றுண்டு. முன்னாள் படைவீரரின் மக்களும் வீரரின் விதவையரும் தொழிற்கல்வி பயிலப் பிரதம மந்திரி உபகாரச் சம்பளத் திட்டம் நம் நாட்டில் 2006 முதல் உண்டு. வருஷந்தோறும் 5,500 பேருக்கு. 2019-ல் உயர்த்திய விகிதப்படி மாணவியர்க்கு மாதம் 3,000 ரூபாய், மாணவர்க்கு 2,500 ரூபாய். மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வர். அப்பிள்ளைக்கு இதனை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய எமக்கே அன்று தெரியாது. மிசிசிப்பி ஆபீஸரைப் பழித்தோமே, நாமும் ஒரு சிறு ஜன்னலுக்குப் பின்தானே உட்கார்ந்திருந்தோம்!

ஆகவே, இன்று மாலைத் தீர்மானத்தில் மூன்று மாற்றங்களை வேண்டுகின்றோம். முதலாவது, பிரமுகர் கையொப்பம் வேண்டுமென்னும் விதியை நீக்குக. மதிப்பெண்ணும் வறுமையுமே சிபார்சாகட்டும். இரண்டாவது, பணத்தைக் கலாசாலைச் சம்பளம் கட்டும் தேதிக்கு முன்னரே, மாணவன் பெயரிலுள்ள பாங்கிக் கணக்கிற் கொடுக்க. நாள் கடந்த உதவி 1945-ம் வருஷத்துப் பத்திரம் போன்றதே. மூன்றாவது, ஊர்தோறும் படித்த இளைஞர் இருவரை நியமித்து, சர்க்கார் உதவிகளின் விவரத்தைத் திரட்டி, நம் சஞ்சிகையில் வெளியிட்டு, படிவம் நிரப்புவதில் உடனிருந்து துணை செய்விக்க. இதற்கு நிதியிற் காசு வேண்டுவதில்லை. சனிக்கிழமை மாலைகள் போதும்.

இளைஞர்களே! உங்களுட் சிலர் இவ்வருஷம் கலாசாலை புகுவீர்கள். உரிய உதவியைக் கேட்பதில் நாணம் வேண்டா. தந்தை எல்லையில் நின்ற வருஷங்களுக்கும், தாய் தனித்திருந்து உங்களை வளர்த்த வருஷங்களுக்கும் அது ஒரு சிறு ஈடு. பெற்றுப் படித்து மேலேறிய பின், ஜன்னலுக்கு உட்புறம் உட்காரும் முறை உங்களுக்கும் வரும். அன்று எதிரில் நிற்பவன் யாருடைய பிள்ளை என்று கேளாதீர்கள்.