எலும்பும் குருதியும் கூறிய சான்று

  

அறிவியலாளர்க்கும் மாந்த உரிமைக்கும் என்ன தொடர்பு என நம்மிற் சிலரே வினவக் கேட்டிருக்கின்றேன். கண்டன அறிக்கையிற் கையெழுத்திடுவதோடு அவர் கடமை முடிந்தது என எண்ணுவோரும் உளர். கையெழுத்தை எவரும் இடலாம். தம் துறையறிவைக் கொண்டு அவர் மட்டுமே செய்யவல்ல பணி ஒன்று உண்டு. அர்செந்தீனாவில் நடந்ததைச் சொன்னால் அது விளங்கும்.

1976 மார்ச்சு 24-ஆம் நாள் படைத்தலைவர்கள் அந்நாட்டின் ஆட்சியைப் பறித்தனர். 1983 இறுதிவரை அவர்தம் வல்லாட்சி நடந்தது. இளைஞரும் தொழிலாளரும் இரவோடிரவாகக் கடத்தப்பட்டனர். பின்வந்த குடியாட்சி அரசு அமைத்த உசாவற்குழு ஏறத்தாழ 9,000 பேரின் பெயர்களைத் திரட்டிற்று. உரிமை அமைப்பினர் கூறும் தொகையோ 30,000. இவர்களைக் 'காணாமற் போனோர்' என்றது ஆட்சி. அச்சொல்லின் சூழ்ச்சியைப் பாருங்கள்! பிணம் இல்லை, ஆகவே கொலை இல்லை, ஆகவே கொலைஞனும் இல்லை!

கடத்தப்பட்ட பெண்களிற் பலர் சூலுற்றிருந்தனர். சிறைக்கூடத்திலேயே ஈன்றனர், ஈன்றபின் கொல்லப்பட்டனர். குழந்தைகளோ படையினர் வீடுகளிலும் அவர்க்கு வேண்டியவர் வீடுகளிலும் வேறு பெயரில் வளர்ந்தன. அவ்வாறு பறிக்கப்பட்டவை ஏறத்தாழ 500 என்பது பாட்டிமார் கணக்கு.

ஆம், பாட்டிமார். 1977-இல் அவர்கள் ஓர் அமைப்பாகத் திரண்டனர். தந்தையென ஒப்ப மறுத்த ஒருவனைக் குருதியாய்வு காட்டிக்கொடுத்த செய்தியை நாளிதழில் படித்தபோது அவர்களுக்கு ஒரு வினா எழுந்தது: தாயும் தந்தையும் கொல்லப்பட்டபின், பாட்டன் பாட்டியரின் குருதியைக் கொண்டு பேரக்குழந்தையை அடையாளங் காணவியலுமா? வல்லுநர் எவரும் அதுவரை கேளாத வினா! அதனை ஏந்தி நாடுநாடாக அலைந்தனர்.

நாட்டைவிட்டு நீங்கி நியூயார்க்கில் வாழ்ந்த அர்செந்தீனிய மரபியல் மருத்துவர் விக்தர் பெஞ்சாசாதே செவிசாய்த்தார். அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தாரும் துணைநின்றனர். பெர்க்கிளியிற் பணியாற்றிய மரபியலார் மேரி கிளேர் கிங் அதற்குரிய கணக்கு முறையை வகுத்தார். வெள்ளணுக்களின் மரபு அடையாளங்களைப் பாட்டன் பாட்டியரிடம் கண்டறிந்து, இறந்த பெற்றோர்தம் வெற்றிடத்தை நிரப்பும் முறை அது. 1984-இல் எட்டு அகவைச் சிறுமி ஒருத்தி அதன் வலிமையால் தன் பாட்டியிடம் சேர்ந்தாள். பின்னர்த் தாய்வழியாக மட்டுமே இறங்கும் மரபணுப் பகுதியையும் கிங் கையாண்டார். தாயைப் பெற்றவள் ஒருத்தி இருந்தாலே போதும் என்றாயிற்று. 1987-இல் குருதிப் பதிவுகளுக்கெனச் சட்டப்படி ஒரு வைப்பகம் அமைந்தது. தாம் இறந்தபின்னரேனும் பேரர் தம்மைக் கண்டறியட்டும் என்று பாட்டிமார் அங்கே தம் குருதியை வைத்துச் சென்றனர்.

எலும்பின் செய்தி வேறு. அங்குப் பெயரற்ற புதைகுழிகளை மண்வாரிப் பொறிகொண்டு தோண்டி, எலும்புகளை உடைத்துக் கலந்து குவித்திருந்தனர். 1984-இல் வந்த எலும்பு வல்லுநர் கிளைடு சுனோ அதனைக் கண்டு பதறினார். துணைக்கு வந்தவர்கள் பட்டறிவு மிக்க பேராசிரியர்கள் அல்லர்; மாணவர்கள்! படையாட்சி திரும்பினால் முதலிற் பிடிபடுவோர் தாமே என்றறிந்தும் வந்தனர். தொல்லியலார் பானையோட்டை எடுப்பதுபோல் ஒவ்வோர் எலும்பையும் எடுக்கக் கற்றனர். பகலில் வேலையைப் பாருங்கள், அழுகையை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பாராம் சுனோ.

1985-இல் படைத்தலைவர் ஒன்பதின்மர் முறைமன்றத்தில் நின்றனர். 21 அகவைப் பெண் ஒருத்தியின் எலும்புக்கூட்டைச் சுனோ திரையிற் காட்டினார். மண்டையோட்டில் துமுக்கிக் குண்டின் தடம். இடுப்பெலும்பிலோ மகப்பேற்றின் தடம் என்றார். ஐவர் தண்டிக்கப்பட்டனர். ஆட்சித்தலைவனாய் இருந்த விதேலாவுக்கு வாழ்நாட் சிறை. 1990-இல் அவனுக்கு மன்னிப்பும் கிடைத்தது, அரசியல் அப்படித்தான்! ஆனால் குழந்தைத் திருட்டு அம்மன்னிப்பில் அடங்கவில்லை. 1998-இல் அதற்காகவே மீண்டும் பிடிபட்டான். 2012-இல் 50 ஆண்டுத் தண்டனை பெற்று, 2013-இல் சிறையிலேயே இறந்தான். அந்தப் பெண் ஈன்ற மகன் 2008-இல் கண்டறியப்பட்டான். அவனுக்கு அப்போது 30 அகவை. இதுவரை மீட்கப்பட்ட பேரர் 130-க்கும் மேற்பட்டோர்.

அம்மாணவர்கள் அமைத்த குழு அரசின் கைக்குள் அடங்காதது. அதனாற்றான் உறவினர் அதனை நம்பினர். தன் குற்றத்தைத் தானே தோண்டும் அரசை யார் நம்புவர்?

உடன்பிறப்புகளே! இது நமக்கு அயலார் கதையன்று. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டதாக 1998-இல் தண்டனை பெற்ற சிங்களப் படையாள் ஒருவனே முறைமன்றத்தில் உரைத்தான். 1999-இல் தோண்டியபோது கிடைத்தவை 15. 2025-இல் செம்மணி இடுகாட்டில் தோண்டியபோதோ 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றைப் படிக்கவல்ல தமிழ் இளைஞர் எத்துணைப் பேர்? மருத்துவமும் மரபியலும் பயிலும் நம் பிள்ளைகளுள் எவரேனும் இத்துறையை நாடியதுண்டா? காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கின்றனர். அவர்தம் குருதியை எங்கே வைத்திருக்கின்றோம்?