எவன்ஸ்டனில் கேட்ட கதை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பனி, விசா, டாலர் எல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லிவிட்டார்கள். நான் ஒரு ஃபுட்பால் டீமைப் பற்றிச் சொல்றேன்.

2009-ல் வெளியே வந்த பேட்ச் நாங்கள். கேம்பஸ் இண்டர்வியூவில் ஆர்டர் வாங்கி, தெருவுக்கே ஸ்வீட் கொடுத்து, பிறகு 'சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்' என்ற கடிதத்தோடு வீட்டில் உட்கார்ந்தவன் நான். பின் வரிசையில் சிரிக்கிறவர்களும் அதே கடிதம் வாங்கியவர்கள்தான்! ஒன்றரை வருஷம் கழித்து, கடன் வாங்கி, சிகாகோ பக்கத்தில் எவன்ஸ்டனில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்தேன். லேபில் மெஷின்களைக் கவனித்துக்கொண்ட பெரியவர் ஒருவர், நான் தொங்கிய முகத்தோடு திரிவதைப் பார்த்துவிட்டுச் சொன்ன கதை இது.

அவங்க ஃபுட்பாலில் கால் வேலை குறைவு. பந்து முட்டை வடிவம். கையில் பிடித்து ஓடலாம், எறியலாம். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறணும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. இவ்வளவு போதும்.

1979 முதல் 1982 வரை நார்த்வெஸ்டர்ன் தொடர்ந்து தோற்ற ஆட்டங்கள் 34. 1982-ல் ஒருவழியாக ஜெயித்தபோது, பையன்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய் மிச்சிகன் ஏரியில் போட்டார்களாம்.

1992-ல் கேரி பார்னெட் என்ற பயிற்சியாளர் வந்தார். வந்ததுமே ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் மைக்கைப் பிடித்து, பாசடீனாவுக்குப் போகப்போகிறோம் என்றார். பாசடீனாவில்தான் ரோஸ் பௌல். நார்த்வெஸ்டர்ன் கடைசியாக அங்கே ஆடியது 1949-ல். அடுத்த மூன்று சீசனிலும் சேர்த்து எட்டே வெற்றி.

1995 செப்டம்பர் 2. முதல் ஆட்டமே நோட்டர் டேமுடன், அவர்கள் மைதானத்திலேயே. பார்னெட் பையன்களிடம் முன்கூட்டியே சொன்னது ஒன்றுதான்: ஜெயித்ததும் என்னைத் தோளில் தூக்காதீர்கள். ஜெயிப்பதற்காகத்தானே வந்தோம், இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று அர்த்தம். 17-15. ஜெயித்தார்கள். யாரும் தூக்கவில்லை. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அடுத்த ஆட்டம் ஒஹையோவின் மியாமி பல்கலைக்கழகத்தோடு, சொந்த மைதானத்தில். கையில் இருந்த ஆட்டம். கடைசி நொடியில் 30-28 என்று கோட்டைவிட்டார்கள். (அன்று மியாமி பயிற்சியாளராக இருந்த ராண்டி வாக்கரையே 1999-ல் நார்த்வெஸ்டர்ன் அழைத்துக்கொண்டது தனிக் கதை.)

அதன்பிறகு தோல்வியே இல்லை. மிச்சிகனை அவர்கள் ஊரிலேயே 19-13, விஸ்கான்சினை 35-0, பென் ஸ்டேட்டை 21-10. அயோவாவை வென்ற அன்று பாட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற தடுப்பாட்டத் தூணுக்குக் கால் முறிந்தது. பிக் டென் லீக்கில் எட்டுக்கு எட்டு வெற்றி. (பெயர்தான் டென், அப்போது அணிகள் 11!)

ஆனாலும் டிக்கெட் உறுதியாகவில்லை. ஒஹையோ ஸ்டேட் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்த வருஷம் இருவரும் மோதவும் இல்லை. அவர்கள் கடைசி ஆட்டத்தையும் ஜெயித்திருந்தால், மியாமியிடம் விட்ட அந்த இரண்டு பாயிண்ட்டால் நார்த்வெஸ்டர்ன் வெளியே. நவம்பர் 25 அன்று எவன்ஸ்டனே டி.வி. முன்னால். மிச்சிகன் ஒஹையோ ஸ்டேட்டை 31-23 என்று சாய்த்தது. ஏழு வாரம் முன்பு இவர்களிடம் தோற்ற அதே மிச்சிகன்தான் வழிவிட்டது!

1996 ஜனவரி 1, பாசடீனா. ஃபிட்ஸ்ஜெரால்டு ஆட முடியாமல் ஓரத்தில் நின்றார். எதிரணி யு.எஸ்.சி. இடைவேளையில் 24-10 என்று பின்தங்கியவர்கள், பிறகு 32-31 என்று முந்தியும் விட்டார்கள். முடிவு 41-32. தோல்வி.

"ரோஸ் பௌலில் தோற்றது வருத்தமாக இருந்ததா சார்?" என்று கேட்டேன்.

பெரியவர் லேத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது பரவாயில்லை தம்பி. மியாமி மேட்ச்தான் இன்னும் ஆறவில்லை."