துறைமுகத்து இங்கிலீஷ்

இங்கிலீஷ் வரணுமா, லண்டனைப் பற்றிப் படி என்பார்கள். படிக்கலாம். ஆனால் அரண்மனையில் ஆரம்பிக்காதீர்கள், போரடிக்கும். துறைமுகத்தில் ஆரம்பியுங்கள்.

ஏன்? வடசென்னையின் துறைமுகப் பக்கம் இருக்கிற ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகளுக்கு அந்த இங்கிலீஷில் பாதி ஏற்கெனவே தெரியும். கிரேன், கன்டெய்னர், யார்டு, பெர்த், ஷிஃப்ட். துறைமுக வேலை முடிந்து வந்த அப்பா சாப்பிட உட்காரும்போது வீட்டில் புழங்குகிற பேச்சுதானே!

லண்டனில் தேம்ஸ் ஆற்றின்மேல் டவர் பிரிட்ஜ் இருக்கிறது. 1894-இல் திறந்தது. உயரமான கப்பல் வந்தால் நடுப்பாலம் இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும். பஸ்ஸும் காரும் காத்துக் கிடக்கும். எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவருக்கு இதை விளக்கவா வேண்டும்? இங்கிலீஷில் படித்தாலும் காட்சி கண்ணில் ஓடும். விஷயம் தெரிந்தால் சொல் பிடிபடும். ஆமாம், விஷயம் தெரிந்தால் சொல் பிடிபடும். அகராதியை வரிக்கு வரி புரட்டாதீர்கள். ஒரு பத்தி முடியட்டும், பிறகு எடுங்கள்.

லண்டன் அலுத்துவிட்டதா? நம்ம ஊருக்கு வாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்த நிலையத்தைப் பற்றி இங்கிலீஷில் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கம் படியுங்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், முகப்பில் நிற்கிற உயரமான தூண்களைக் காட்டுங்கள். சென்னை வரலாறு எழுதிய எஸ். முத்தையாவின் இங்கிலீஷ் புத்தகம் நூலகத்தில் கிடைத்தால், முதலில் ராயபுரம் வருகிற பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள்.