வெட்டாத கத்தி



கத்தி மழுங்கினால் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தீட்டுவிப்பது நமது வழக்கம். ஆனால், வெட்டக்கூடாது என்பதற்காகவே பக்குவமாகச் செய்யப்படும் கத்தியும் ஒன்றுண்டு. யப்பானியத் தற்காப்புக் கலைகளிலே பயிற்சிக்கு எடுக்கும் மரக்கத்தியைத்தான் சொல்கிறேன்.

மொரிஹெய் உவேஷிபா (1883 - 1969) வகுத்த ஐகிடோக் கலையிலே இதற்குப் பெயர் ‘தந்தோ’. நீளம் ஏறத்தாழ ஓர் அடி. ஒருவர் குத்த வருவார். மற்றவர் விலகி, மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியைப் பறிப்பார். அடுத்த கணம் இருவரும் இடம் மாறுவர். குத்தியவரே குத்து வாங்க நிற்பார்.

கியூஷு தீவிலுள்ள மியாகொனோஜோ நகரம் இத்தகைய மரவாள், மரக்கத்தி வேலைக்குப் பேர்போனது. ஓக் மரமே அங்கு பெரிதும் பயன்படுகிறது.

மரவேலையிலுள்ள ஆசையால் நானும் இப்படிச் சில கத்திகள் செதுக்கியிருக்கிறேன். முதலில் பார்க்கவேண்டியது மரத்தின் நாரோட்டம். பிடியிலிருந்து நுனிவரை அது நேராக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால், பலமான தட்டொன்றிலே மரம் சாய்வாகப் பிளந்து ஈட்டிபோலாகிவிடும். கணு உள்ள துண்டும் ஆகாது. ஈரமரம் காயும்போது வளையும்; ஆகவே காயும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

பின்பு சீவுளியும் அரமும். நுனியை உருட்டவேண்டும், அலகின் ஓரத்தையும் மழுக்கவேண்டும். ஆயினும் பிடி முழு உருண்டையாகிவிடக் கூடாது. முட்டைவடிவாக இருந்தால்தான், கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் வெட்டும் பக்கம் எதுவென்று உள்ளங்கை அறியும். கடைசியாக அரத்தாள் போட்டு, எண்ணெய் பூசவேண்டும். வியர்த்த கையிலே வழுக்குமென்பதால் நான் வார்னிஷ் பூசுவதில்லை.

இறப்பரிலே செய்தால் இத்தனை தொல்லை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். வளைந்து கொடுக்கும் கத்திக்கு யாரும் அஞ்சுவதில்லை. அச்சமில்லாத இடத்திலே கவனமும் தளர்ந்துபோகும். உருக்குக் கத்தியென்றாலோ ஒரு தவறு உயிரையே வாங்கிவிடும். மரம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பட்டால் நோகும்; நொந்தவர் பாடம் படிப்பார்.

ஒவ்வொரு கத்தியையும் கொடுக்குமுன் என் வெறுங்கையால் முழுவதும் தடவிப் பார்ப்பேன். ஒரு சிராய் தட்டுப்பட்டாலும் மறுபடி அரத்தாள்தான். கத்தியைக் கேட்டு வந்தவரை எனக்குத் தெரியும். அதன் முன்னே நிற்கப்போகிறவரை நான் கண்டதேயில்லை. என் வேலையிற் பெரும்பகுதி அந்த முகம் தெரியாதவருக்காகவே. குத்துப்பட்டவர் சிரித்தபடி எழும்பி, “இனி என் முறை” என்று கையை நீட்டவேண்டும்.