பங்குனி இரவில் ஒருத்தி
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் 'இரவில் ஒரு காதல் நகரம்' என்னும் பொருள்பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். காதல் நகரம் என்றதும் பாரிசும் வெனிசும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆறு, பாலம், விளக்கொளி, கைகோத்து நடக்கும் இணைகள் ஆகிய இவையெல்லாம் அந்நகரங்களுக்கே உரியவை எனத் திரைப்படங்கள் நமக்குக் கற்பித்துவிட்டன. காவிரிக்கரையில் வாழும் நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை.

அகநானூற்றின் 137ஆம் பாடலை உறையூர் முதுகூத்தனார் பாடியிருக்கிறார். சோழர் உறந்தையில், ஆற்றங்கரைப் பொழிலில் நிகழ்ந்த பங்குனி விழாவை அதில் குறிப்பிடுகிறார். தழுவலைக் குறிக்கும் சொல்லாலேயே அவ்விழாவுக்குப் பெயர் சூட்டுகிறார் என்றால் அது எத்தகைய விழா என்பது விளங்கும். ஆயினும் புலவரின் கண் விழாவுக்கு மறுநாளில்தான் நிலைகொள்கிறது. கூட்டம் கலைந்துவிட்டது, அடுப்புகளில் தீ இல்லை, அரங்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. தலைவன் பிரிவான் என அஞ்சிய தலைவியின் நெற்றி அந்த அரங்கத்தைப் போலப் பாழ்பட்டது என்கிறாள் தோழி.

இன்றும் பங்குனியில் ஆயில்யத்தன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருளுகிறார். கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்திக் காட்சி தந்து, இரவில் அரங்கம் திரும்புகிறார். மூன்று நாள் கழித்து உத்திரம். அன்று அரங்கநாயகித் தாயார் ஊடல் கொண்டு கதவடைக்கிறார். அதனை ஊரார் மட்டையடி என்பர். நம்மாழ்வார் சமாதானம் செய்த பின்னரே சேர்த்தி நிகழும். அகநானூற்று விழாவும் இதுவும் ஒன்றே என நான் வாதிட வரவில்லை. ஊர் ஒன்று, மாதம் ஒன்று, கூடலும் ஊடலுமாகிய உணர்வு ஒன்று என்பதை மட்டும் சுட்டுகிறேன்.

இவ்விழாவில் ஆற்றைக் கடப்பவர் பெருமாள். தாயாரோ 'படிதாண்டாப் பத்தினி' எனப் போற்றப்படுபவர். தொல்காப்பியரும் பகற்குறியை வீட்டுக்கு வெளியே வைத்தார். இரவுக்குறியை மனையோர் பேச்சுக் கேட்கும் எல்லைக்குள் அடக்கினார். இரவில் பெண் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதற்கு இலக்கணமும் வழிபாடும் ஒரே அளவுகோலைக் கொண்டிருப்பதைக் காண்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆயில்ய இரவில், உறையூரில் சேர்த்தி கண்டபின் தனியாகவே அரங்கம் நோக்கி நடந்தேன். சிந்தாமணியைக் கடந்து பாலத்தின் நடுவே நின்றேன். தெற்கே மலைக்கோட்டையின் விளக்குகள். வடக்கே 1987இல் குடமுழுக்குக் கண்ட பதின்மூன்று நிலை இராஜகோபுரம். கீழே காவிரியில் நீர் குறைவு; மணலே மிகுதி. முதுகூத்தனார் கண்ட வெண்மணலும் இதுவாகவே இருக்கும் என எண்ணிக்கொண்டேன்.

மாம்பழச்சாலையில் பூ விற்ற அம்மையார் ஒருவர், "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "அப்ப யாருக்காகம்மா நிக்கறே?" என்றார். ஊரைப் பார்க்கத்தான் என்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "நானும் முப்பது வருசமா இங்கதான் உக்காந்திருக்கேன். இந்தப் பாலத்து மேல சும்மா நின்னு ஒரு நாளும் பார்த்ததில்லை" என்றார்.

அந்த இரண்டு மணி நேர நடையில் நான் பெற்ற பெரும்பொருள் அச்சொற்களே. 'யாருக்காக' என்னும் வினாவை நம் இலக்கியமும் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆதிமந்தியார் விழாக்களம்தோறும் சென்றார். காதலனைத் தேடிச் சென்றார். அலைந்து திரிந்த வெள்ளிவீதியாரை ஔவையார் தம் பாட்டில் உவமையாக்கினார். அதுவும் பிரிந்தவனைத் தேடிய அலைச்சலே. தேடுதற்கு ஓர் ஆடவன் இருந்தால் பெண்ணின் நடைக்கு நியாயம் கிடைத்தது. இல்லையெனில் அவளுக்குக் காத்திருத்தல் ஒன்றே எஞ்சியது. நகரத்து இரவை யாமம் யாமமாகக் கண்டு பாடும் வாய்ப்பு மாங்குடி மருதனாருக்கு வாய்த்தது, மதுரைக்காஞ்சி பிறந்தது. அத்தகைய இரவுப்பாட்டு ஒரு பெண்பாற் புலவர் பெயரால் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்குச் சொல்வளம் குறைவு என்று எவரும் கூறார். குறைந்தது இரவு.

கவிஞர்களே, காதல் நகரத்தைக் காதலர் இருவர் வழியாகவே காண வேண்டும் என்னும் மரபைச் சற்றே தளர்த்துங்கள். எவரையும் தேடாமல், எவருக்காகவும் காத்திராமல், தன் ஊரின் அழகைத் தன் கண்ணால் கண்டு நிற்கும் ஒருத்தி உங்கள் பாடலில் இடம்பெறட்டும். அவள் நெற்றிக்குப் பாழ்பட்ட அரங்கம் உவமையாக வேண்டாம். அதற்குரிய புதிய உவமையைப் படைப்பது உங்கள் கடன். அப்பாடலைப் பெண்களே பாடவேண்டுமாயின், இரவில் ஆற்றுப்பாலம்வரை அவர்கள் அச்சமின்றிச் சென்றுவர வழி செய்வது நம் அனைவரின் கடன்.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுக் கவியரங்கில் அத்தகைய பாடலொன்றைக் கேட்கும் ஆவலோடு விடைபெறுகிறேன்.