வெள்ளி பிறந்த பள்ளத்தாக்கு



உண்டியலில் காணிக்கை செலுத்திய அடியார் ஒருவரைக் கேட்டால், “பத்து வெள்ளி போட்டேன்” என்றுதான் சொல்வார். மலேசியத் தமிழர்க்கு ரிங்கிட்டும் வெள்ளி. சிங்கப்பூர்த் தமிழர்க்கு டாலரும் வெள்ளி. கையில் இருப்பதோ நோட்டு. அதில் குன்றிமணி அளவு வெள்ளியும் இல்லை. இத்துறைமுகங்களில் ஒரு காலத்தில் புழங்கிய பணம் மெய்யாகவே வெள்ளிக் காசாக இருந்ததன் நினைவு அப்பெயரில் தங்கிவிட்டது. ரிங்கிட் என்னும் மலாய்ச் சொல்லும் விளிம்பில் பல்வெட்டுக் கொண்ட பழைய ஸ்பானிய வெள்ளிக் காசைக் குறித்து எழுந்ததே. டாலர் என்ற சொல்லின் பிறப்பிடம் இன்னும் தொலைவில் உள்ளது. செக் நாட்டு மலைகளுக்கு இடையே உள்ள ஒரு சிற்றூரே அது. கல்லையும் நீரையும் போற்றும் மரபில் வந்தோர் அவ்வூரின் கதையை அறிந்துகொள்வது நலம்.

கல் என்றதும் அடியார்களின் நினைவு நவக்கிரகச் சந்நிதிக்கும் நவமணிகளுக்கும் செல்வது இயல்பு. ஒன்பது மணிகளுள் முத்தும் பவளமும் கடல்வாழ் உயிர்கள் தந்தவை. ஏனைய ஏழும் மண்ணின் கீழ் விளைந்த கனிமங்கள். மாணிக்கம் ஒரு கோளுக்கும் நீலம் வேறொரு கோளுக்கும் உரியவை என்பது மரபு. ஆனால் கனிமவியலில் அவை இரண்டும் ஒன்றே. அலுமினியமும் பிராணவாயுவும் கூடிய அக்கனிமத்தில் சிறிது குரோமியம் கலந்தால் மாணிக்கச் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். உலகத்தார் அதனைக் கொரண்டம் என்கின்றனர். அச்சொல் தமிழின் குருந்தத்திலிருந்து சென்றது என்பதைத் தமிழர் பலரும் அறியார்! கோமேதகம் கார்னெட் இனத்தைச் சேர்ந்தது. அதே இனத்தில் குருதிச் சிவப்பான ஒரு வகை, செக் நாட்டின் மேற்குப் பகுதியாகிய பொகேமியாவில் கிடைக்கிறது. டாலர் பிறந்த ஊரும் அந்தப் பொகேமியாவிலேயே உள்ளது.

ஜெர்மனியை ஒட்டிய அதன் வடமேற்கு எல்லையில் நிற்கும் மலைத்தொடருக்குத் தாது மலைகள் என்றே பெயர். அங்கு வெள்ளித் தாது கண்டறியப்பட்டு, 1516ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஷ்லிக் என்னும் பிரபு ஓர் ஊரை நிறுவினார். கன்னி மரியாளின் தந்தையாகக் கிறித்தவர் போற்றும் புனித யோவாக்கிமின் பெயரால் அது யோவாக்கிம்ஸ்தால் எனப்பட்டது. இன்று அதன் செக் பெயர் யாகிமோவ். காடாகக் கிடந்த இடத்தில் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 18,000 பேர் குடியேறினர். ஷ்லிக் குடும்பத்தார் அங்கு அச்சிட்ட கனமான வெள்ளிக் காசு ‘யோவாக்கிம்ஸ்தாலர்’ என்று வழங்கியது. ஜெர்மன் மொழியில் ‘தால்’ என்றால் பள்ளத்தாக்கு. நீண்ட பெயர் நாளடைவில் ‘தாலர்’ எனக் குறுகி, நாடு நாடாகச் சென்று, டாலர் ஆயிற்று.

1527ஆம் ஆண்டில் அவ்வூருக்கு மருத்துவராக வந்தவர் அக்ரிகோலா. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, சுரங்கங்களில் இறங்கியும் உலைகளின் அருகே நின்றும் அவர் கண்டறிந்தவையே கனிமவியலுக்கு அடித்தளமாயின. அவருடைய பெருநூல் அவர் மறைந்த மறு ஆண்டு, 1556இல் வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளரின் நெஞ்சுநோய் பற்றியும் அவர் அதில் எழுதினார். கார்பேதிய மலைச் சுரங்கங்களின் பக்கம், ஒருவர் பின் ஒருவராக ஏழு கணவர்களை அந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்கிறார். தாது மலைகளிலும் தொழிலாளர் இளமையிலேயே மூச்சிரைத்து மாண்டனர். காரணம் தெரியவில்லை. சுரங்கத் தூசி என்றனர் சிலர். மலைக்குள் வாழும் பூதங்களின் வேலை என்றனர் வேறு சிலர்.

வெள்ளி தோண்டியவர்களுக்கு இடையிடையே ஒரு கல் தட்டுப்பட்டது. கீல் போலக் கறுத்துக் கனத்தது. அது தலைகாட்டினால் வெள்ளிக்கொடி முடிந்தது என்று பொருள். ஆகவே அபசகுனக் கல் எனத் திட்டிக் குப்பை மேட்டில் எறிந்தனர். 1789இல் கிளாப்ரோத் என்னும் ஜெர்மானிய வேதியியலார் அவ்வகைக் கருங்கல்லில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோளின் பெயரால் அதனை யுரேனியம் என்று அழைத்தார். மணிகளுக்குக் கோள்களை உரிமையாக்கும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று போலும்! வெள்ளி வற்றிய ஊரில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், அக்கல்லிலிருந்து கண்ணாடிக்கு மஞ்சளும் பச்சையும் ஊட்டும் சாயம் எடுத்தனர். சாயம் எடுத்தபின் எஞ்சிய சக்கை மீண்டும் குப்பைக்குப் போயிற்று.

அந்தச் சக்கைதான் பாரிஸ் நகரில் மேரி கியூரி, பியேர் கியூரி தம்பதியரின் கொட்டகைக்கு மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தது. யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பின்னும் அதில் கதிர்வீச்சு குறையாதிருக்கும் என்பதை அவர்கள் உய்த்துணர்ந்திருந்தனர். 1898இல் பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்களை அறிவித்தனர். பின்னர் டன் கணக்கான சக்கையைக் காய்ச்சி வடித்து, 1902இல் பெற்ற தூய ரேடியம் உப்பின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே. அது இருளில் தானே ஒளிர்ந்தது. அதைக் கையால் எடுத்தவர் விரல்கள் வெந்தன. மேரி அம்மையார் 1934இல் இரத்தம் ஊறாத நோயால் மறைந்தார். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் கதிர் வீசுவதால் ஈயப் பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன.

இனி நீருக்கு வருவோம். செம்பவாங் வெந்நீர் ஊற்றிலோ பேராவின் சுங்கை கிளாவிலோ கால் நனைத்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்கிச் சூடேறி, வழியில் உள்ள கனிமங்களைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. யாகிமோவுக்குத் தெற்கே, ஒரு மணி நேரத்திற்குள் செல்லக்கூடிய தொலைவில், கார்லோவி வாரி என்னும் புகழ்பெற்ற மருத்துவ நீராட்டு நகரம் உள்ளது. 70 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்துடன் பீறிடும் அதன் ஊற்று நீர் கல்லைக் கரைத்தே வருகிறது. ஆறும்போது அக்கல்லை விட்டுச் செல்கிறது. காகித ரோசாப் பூவை அந்நீரில் வைத்தால் சில நாளில் பூவின் மேல் கல் படர்ந்துவிடும். அதை நினைவுப் பொருளாக விற்கின்றனர்.

யாகிமோவின் நீர் வேறு வகை. 1864ஆம் ஆண்டில், ஸ்வோர்நோஸ்த் என இன்று வழங்கும் வெள்ளிச் சுரங்கத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்தில் தோண்டியபோது வெதுவெதுப்பான நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடித்தது. அன்று அது பேரிடர். ரேடியம் கண்டறியப்பட்ட பின்னரே அந்நீரில் ரேடான் என்னும் வாயு கரைந்திருப்பது தெரிந்தது. யுரேனியம் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. 1906இல் ஊரில் ரொட்டி சுடுபவர் ஒருவரின் வீட்டில் முதல் குளியல்கள் தொடங்கின; நீரைச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து ஊற்றினர். 1912இல் ரேடியம் அரண்மனை என்னும் பெருவிடுதியே எழுந்தது. மூட்டுவலிக்காரர்கள் திரண்டனர்.

தொழிலாளரைக் கொன்றுவந்த நெஞ்சுநோயின் பெயரும் காலப்போக்கில் வெளிப்பட்டது. 1879இலேயே, மலையின் ஜெர்மன் பக்கத்துச் சுரங்கங்களில் அது நுரையீரல் புற்றுநோய் என இரு மருத்துவர்கள் காட்டிவிட்டனர். அதன் காரணம் ரேடான் என்பது உறுதிப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. நோய் தீர்க்க நாடும் அதே வாயுவை, நாள்தோறும் அடைபட்ட சுரங்கத்தில் சுவாசித்தவர்கள் மாண்டிருக்கின்றனர்.

இந்த உண்மை ஊரெங்கும் பரவுமுன், ரேடியம் என்னும் பெயருக்கு உலகம் மயங்கிக் கிடந்தது. ரேடியம் கலந்த குடிநீர் புட்டிகளில் விற்பனையாயிற்று. அமெரிக்கச் செல்வந்தர் ஒருவர் அத்தகைய நீரை ஆயிரம் புட்டிகளுக்கு மேல் குடித்து, தாடை எலும்பு கரைந்து 1932இல் இறந்தார். பாடாணங்களை அறுபத்து நான்காக வகுத்த சித்த மருத்துவர்கள், சுத்தி செய்யாத எதையும் மருந்தில் சேர்க்க ஒப்பவில்லை. ரேடியத்திற்கோ அச்சுத்தியும் செல்லாது. தீயில் இட்டாலும் திராவகத்தில் கரைத்தாலும் அதன் கதிர் அடங்காது. காலம் ஒன்றே அதைத் தணிக்கும். பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள். ரேடானுக்கோ பாதியாக நான்கு நாட்களும் வேண்டியதில்லை. உடலை விட்டும் விரைந்து வெளியேறும். மருத்துவர் மேற்பார்வையில் அதை அளந்து தர முடிவது அதனால்தான். அவ்வாறு தருவதும் தகுமா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமனப்படவில்லை. கல்லோ நீரோ, ‘இதனை அணிந்தால் தீரும், இதனைக் குடித்தால் தீரும்’ என்று விற்பவரிடம் “எவ்வளவு? எத்தனை நாள்?” என்று கேட்பதில் தெய்வக் குற்றம் ஏதும் இல்லை.

யாகிமோவின் துயரம் அத்துடன் தீரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்குள்ள யுரேனியம் சோவியத் நாட்டின் அணுகுண்டுப் பணிக்கு வேண்டியதாயிற்று. 1949 முதல் 1961 வரை அப்பள்ளத்தாக்கைச் சுற்றிச் சிறைமுகாம்கள் இருந்தன. அரசை எதிர்த்த குற்றத்திற்காகப் பாதிரிமார், ஆசிரியர், உழவர், மாணவர் என ஆயிரக்கணக்கானோர் தாது தோண்ட அனுப்பப்பட்டனர். அருகிலுள்ள செங்கற் கோபுரம் ஒன்றில் கைதிகள் யுரேனியத் தாதுவை உடைத்துத் தூளாக்கிப் பீப்பாய்களில் அடைத்தனர். முகத்தை மூடத் துணிகூடத் தரப்படவில்லை. மக்கள் அதனை மரணக் கோபுரம் என்றே அழைத்தனர். 2019இல் தாது மலைகளின் சுரங்க வட்டாரத்தை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது அக்கோபுரமும் அதில் இடம்பெற்றது.

வெள்ளி எடுப்பதும் யுரேனியம் எடுப்பதும் நின்றுவிட்டன. ஆயினும் 500 ஆண்டுகளுக்கு முன் தோண்டிய ஸ்வோர்நோஸ்த் சுரங்கத்திற்குள் தொழிலாளர் இன்னும் இறங்குகின்றனர், நீரை மேலேற்றுவதற்காக. செக் மொழியில் ஸ்வோர்நோஸ்த் என்றால் ஒற்றுமை. குழாய் வழியே கீழே வரும் அந்நீரில் நோயாளிகள் ஏறத்தாழ இருபது நிமிடம் அசையாது படுத்திருக்கின்றனர். முகாம்கள் இருந்த இடங்களை இணைத்து, மலைமேல் ஒரு நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. அதற்கு யாகிமோவ் நரகம் என்று பெயர்.